பட்டியும் கறுப்பு மணலும்

எனது மாமாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் நூறு மாடுகளுக்கு நடுவில் நின்று எந்தக் கன்று எந்தத் தாயினுடையது என்று பிசகாமல் சொல்லுவார். "எண்ட மாட்ட நான் குறி பாத்துத்தான் அறியணுமா புள்ள?" என்று சிரிப்பார். அந்தக் குறியும் துண்டும்தான் பின்னர் எங்கள் குடும்பத்தை அலைக்கழித்தன.

எங்கள் ஊர் கதிரவெளி. வாகரைக்கு வடக்கே, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடு. ஐப்பசியில் பெரும்போகத்துக்கு வயல் விதைத்துவிட்டால் மாடுகள் அங்கே நிற்கக்கூடாது. மாமா பட்டியைச் சாய்த்துக்கொண்டு கட்டுமுறிவுப் பக்கம் காட்டுக்குப் போய்விடுவார். முள்வேலி அடைத்து, இரவில் சாணப்புகை மூட்டி, யானைக்கும் நுளம்புக்கும் காவலிருப்பார். அறுவடை முடிந்த பிறகுதான் மாடுகள் தாள் மேய ஊருக்குத் திரும்பும். அந்த மேய்ச்சல் தரைக்கு எங்களிடம் உறுதி கிடையாது. தலைமுறையாக மேய்த்த பழக்கம் மட்டுமே உண்டு.

விடியமுன் எழும்பிப் பால் கறப்பது மாமி. தயிர் உறையவைத்து, முட்டிகளை அடுக்கி, கணக்கை மனதில் வைத்திருப்பதும் மாமி. ஆனாலும் ஊரில் மாமாவைத்தான் பட்டிக்காரர் என்பார்கள். மாமியைப் பட்டிக்காரி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சூட்டுக்குறி மாமாவின் பெயரில். 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டப்படி மாட்டுக்கு எழுதும் துண்டும் அவர் பெயரில்தான்.

2006 நவம்பர் 8ஆம் திகதி எங்கள் ஊர்ப் பாடசாலையில் ஷெல் விழுந்தது. இடம்பெயர்ந்து வந்து அங்கே தங்கியிருந்தவர்களில் நாற்பதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதைப் பற்றி இங்கே விரித்து எழுத என்னால் முடியாது. வாசிக்கும் உங்களில் பலர் அதை நேரில் கண்டவர்கள். மாமா பட்டிக் கடப்பைத் திறந்துவிட்டார். "போங்கடி, பிழைச்சிக்கொள்ளுங்க" என்று மாடுகளிடம் சொன்னார். நாங்கள் காட்டுவழியாக ரிதிதென்னைக்கு நடந்தோம். துண்டுகள் இருந்த தகரப்பெட்டியை எங்கே விட்டோம் என்று இன்றுவரை தெரியாது.

2007இல் மீள்குடியேறியபோது காட்டில் பத்தொன்பது மாடுகள் கிடைத்தன. மாமாவின் குரலுக்குத் தாமாக வந்தவை அவை. வேறு சிலவற்றை வெளியூர்ப் பட்டியொன்றில் கண்டார். பழைய குறிக்கு மேலே புதுக்குறி சுட்டிருந்தது. "துண்டைக் காட்டு" என்றார்கள். காட்டத் துண்டு இல்லை.

அதன்பின் மாமா மண் ஏற்றும் கூலிக்குப் போனார். ஆற்று மணலை அள்ளி உழவு மெசினில் நிரப்பும் வேலை. மாட்டோடு நிமிர்ந்து நடந்த மனிதர் மண்வெட்டியோடு குனிந்து நின்றதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கூலியில்தான் அடுப்பெரிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு கரையோரக் கறுப்பு மணலைத் தேடி ஆட்கள் வந்தார்கள். அதற்குப் பெயர் இல்மனைட். இரும்பும் தைற்றேனியமும் கலந்த கனியம். வெள்ளை பெயின்ற், கடதாசி, பிளாஸ்ரிக் எல்லாவற்றுக்கும் வெண்மை கொடுக்கும் பொருளை இதிலிருந்துதான் எடுக்கிறார்கள். புல்மோட்டையில் அரச கூட்டுத்தாபனம் 1957இலேயே தொடங்கிய தொழில் இது. கறுப்பு மண்ணிலிருந்து வெள்ளை நிறம் வருகிறது என்றதை மாமி கடைசிவரை நம்பவில்லை.

மாமாவுக்கு ஆசை வந்தது. நிரந்தர வேலை, மாதச் சம்பளம் என்றார்கள். மாமி மறுத்துவிட்டா. "2004இல கடல் வந்த நேரம் மணல் திட்டி இருந்த இடமும் இல்லாத இடமும் ஒண்டாவா கிடந்தது? தோண்டின பிறகு கிணத்துத் தண்ணி உப்பாப் போனா மாட்டுக்கு எதக் குடுப்பீங்க?" என்று கேட்டா. ஒரு வீட்டுக்குள் பல நாள் பேச்சு இல்லை. ஊரிலும் அப்படித்தான். வேலை வேண்டும் என்றவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். பசி தெரிந்தவர்கள் அவர்கள்.

கனியம் அகழ 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள் கனியங்கள் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். தோண்ட வருபவரிடம் முத்திரையிட்ட கடதாசி இருக்கும். மேய்ப்பவரிடம் மாட்டின் காலடி மட்டும் இருக்கும். மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்ரெம்பரில் மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்ததும் இந்தக் கடதாசி இல்லாத குறையால்தான். கதிரவெளியிலும் இல்மனைட் அகழ்வுக்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்தார்கள். முன்வரிசையில் பெண்கள் நின்றார்கள். மாமியும் போனா. மாமா போகவில்லை. ஆனால் காணிக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தவர்களுக்கு அவர் பெருவிரலும் கொடுக்கவில்லை.

சென்ற வருடம் மாமி என்னையும் கூட்டிக்கொண்டு மிருக வைத்தியர் அலுவலகத்துக்குப் போனா. பண்ணைப் பதிவைத் தனது பெயரில் எழுதச் சொன்னா. "புருசன் உயிரோட இருக்கிறார்தானே?" என்று அங்கே ஒருவர் கேட்டார். "இருக்கிறார். வெளிய நிக்கிறார். மாடு எண்ணத் தெரியாட்டி அவரைக் கூப்பிடுங்க" என்றா மாமி.

அன்று பின்னேரம் கன்றுகளுக்குக் காதுத்தகடு போட்டார்கள். மாமா கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இலக்கங்களை நான் வாசிக்க, மாமி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி மனதில் பதித்துக்கொண்டா.