குதிரை கூடும்... வாரன்டி ஓடும்!

'மச்சி, லேப்டாப்பை கனெக்ட் பண்ணி ஒரே ஒரு மணி நேரம்... உன் வண்டி 90 குதிரையிலிருந்து 110 குதிரை ஆயிடும்!'

இப்படி ஒரு குரல் உங்க காதுலயும் விழுந்திருக்குமே? வாசல்ல அப்பாவோட டர்போ டீசல் கார் நிக்குது. கை நமநமங்குது. ஒரு நிமிஷம் பாஸ்!

அந்த லேப்டாப் கை வைக்கிற இடம், இன்ஜினோட மூளையான ஈ.சி.யூ. எவ்வளவு டீசல் தெளிக்கணும், டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ளணும்னு கணக்குப் போடுவது அதுதான். அந்தக் கணக்கைத் திருத்தி எழுதுவதுதான் 'ரீமேப்'. டர்போ இன்ஜின்ல பலன் நல்லாவே தெரியும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டின்னா, கொடுத்த காசுக்கு ஏமாற்றம்தான் மிச்சம்.

கம்பெனிக்காரங்க சும்மா ஒண்ணும் சக்தியை அமுக்கி வைக்கலை. கொளுத்தற வெயில், சுமாரான எரிபொருள், லேட்டா மாத்தற ஆயில்... எல்லாத்தையும் தாங்கத்தான் அந்த இடைவெளி. அதுல நீங்க கை வெச்சா, கிளட்ச், டர்போ, கியர்பாக்ஸ்னு ஒவ்வொண்ணா அழ ஆரம்பிக்கும்.

என் சீனியர் ஒருத்தர், அப்பாவுக்குத் தெரியாம ரீமேப் பண்ணார். நாலாவது மாசம் டர்போ காலி! பழைய சாஃப்ட்வேரையே திரும்ப ஏத்திட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி சர்வீஸ் சென்டர் போனார். ஆனா, தன்னை எத்தனை தடவை மாத்தி எழுதினாங்கன்னு எண்ணி வெச்சிருக்கிற ஈ.சி.யூ-க்கள் நிறைய. இதுவும் காட்டிக் கொடுத்திடுச்சு. 'வாரன்டி கிடையாது'ன்னு கையை விரிச்சுட்டாங்க. பில்லைப் பார்த்த அப்பா எதுவுமே பேசலையாம். ''நாலு திட்டு திட்டியிருந்தாக்கூட பரவாயில்லைடா!'' என்கிறார் சீனியர், இன்னிக்கும்.

ரீமேப் பண்ணினதால ஏ.சி-க்கோ, பவர் விண்டோவுக்கோ வாரன்டி மறுத்தா நீங்க சண்டை போடலாம். இன்ஜின் போனா? 'அதுக்குக் காரணம் ரீமேப் இல்லை'ன்னு அலையப் போறது நீங்கதான். சட்டமும் நம்ம பக்கம் இல்லை. ஆர்.சி. விவரங்கள், கம்பெனி குறிச்ச விவரங்களோட மாறுபடும்படி வண்டியை மாத்தக் கூடாதுங்குது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்தமா சொல்லிடுச்சு.

'அப்போ எங்க டியூனிங் ஆசை?' என்கிறீர்களா? காலேஜ் ரேஸிங் டீம்ல சேருங்க. ஸ்டூடன்ட்ஸே கார் கட்டி ஓட்டற 'ஃபார்முலா பாரத்' போட்டி, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்திருக்கு. அங்கே இன்ஜின் வெடிச்சா அது பாடம். வீட்டு வாசல்ல வெடிச்சா..? அது அப்பாவோட இ.எம்.ஐ!