கணிப்பொறிக்கு வியர்ப்பதில்லை

பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-ஆம் ஆண்டு முதல் இயங்கிய கணிப்பொறியில் ஏறக்குறைய 2,700 வால்வுகள் இருந்தன. அதனை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை ஏற்றவர், சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன். 1962-ல் 'டிஃப்ராக்' என்னும் பெயர் பெற்ற யந்திரம் அதுவே. பழைய வானொலிப் பெட்டியின் வால்வைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள், அத்தனை வால்வுகளும் ஒருங்கே வேலை செய்தால் எழும் சூட்டை ஊகித்துக்கொள்ளலாம்.

இன்று செம்பூரில் நம் வீட்டு மேசைமீதுள்ள கணிப்பொறியில் வால்வுகள் இல்லை. சூடு மட்டும் நம்மை விட்டபாடில்லை. கணக்கிடும் பணியைச் செய்யும் 'செயலி' என்னும் சில்லின் பரப்பு இரண்டு சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். கடும் வேலையில் அது 100 வாட் மின்சாரம் உண்டால், சதுர சென்டிமீட்டருக்கு 50 வாட் ஆகிறது. 200 சதுர சென்டிமீட்டர் அடிப்பரப்புள்ள 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கோ அது ஐந்து வாட்டுதான்!

இச்சூட்டை உலோகத் தகடுகள் வாங்கிக்கொள்ள, விசிறி அதனை அறைக் காற்றிலே கலக்கிறது. மழைக்காலப் புழுக்கத்தில் நமக்கு வியர்வை உலர்வதில்லை, ஆகவே தவிக்கிறோம். கணிப்பொறிக்கோ வியர்வையே கிடையாது. காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதே அதற்குக் கணக்கு. விசிறி எவ்வளவு சுழன்றாலும் அறையின் உஷ்ணத்துக்குக் கீழே செயலியைக் கொண்டுவர இயலாது. 22 டிகிரி அறையில் 77 டிகிரி காட்டும் யந்திரம், மே மாதத்துச் செம்பூரில், 34 டிகிரி அறையில், அதே வேலைக்கு ஏறத்தாழ 89 காட்டும். இது பழுதன்று. ஆகையால் செயலியின் உஷ்ணத்திலிருந்து அறையின் உஷ்ணத்தைக் கழித்துப் பாருங்கள். அந்த வித்தியாசம் மாதந்தோறும் பெருகுமானால்தான் உள்ளே கோளாறு உண்டு.

செயலிக்குள்ளேயே உஷ்ணமானி அமைந்திருக்கிறது. அதன் அளவைக் காட்டும் சிறு மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. கடும் வேலை தொடங்கிப் பதினைந்து நிமிடமாவது கழிந்தபின் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான செயலிகள் 95 முதல் 100 டிகிரியை எட்டியதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அதற்கும் அடங்காவிடில் நின்றுவிடுகின்றன. வீட்டிலிருந்தே இரவு முழுதும் வேலை பார்க்கும் இளைஞருக்கு, விடிவதற்குள் முடிய வேண்டிய பணி பாதியில் நிற்பது எத்தனை இழப்பு!

முதற் குற்றவாளி தூசியே. நம் ஊரின் ஈரக் காற்றில் அது தகடுகளுக்கிடையே அப்பிக்கொள்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து, விசிறி சுழலாதபடி பிடித்துக்கொண்டு தூசியை ஊதி அகற்றுங்கள். மடிக்கணினியை மெத்தைமேல் வைக்காதீர்கள்; அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும்.

இன்னொரு வழியும் உண்டு. உச்ச வேகத்துக்குச் செயலி அதிக மின்னழுத்தம் கேட்கிறது. அழுத்தம் சிறிது ஏறினும் சூடு பலமாக ஏறும். விண்டோஸில் மின்சார அமைப்புகளுள், செயலியின் உச்ச நிலையை நூற்றுக்கு 99 என்று வைத்தால், பல யந்திரங்களில் இந்த மிகைவேகம் நின்றுவிடும். வேலை சற்றுத் தாமதமாகும். ஆனால் இரவு முழுதும் தடையின்றி நடக்கும். இவ்வளவுக்குப் பின்னும் வித்தியாசம் குறையாவிடில், செயலிக்கும் தகட்டுக்கும் நடுவேயுள்ள பசை உலர்ந்திருக்கலாம். பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக மெல்லியதாய்த் தடவித் தரும்படி பழுது பார்ப்பவரைக் கேளுங்கள்.