மழை மாதங்களில் ஓர் எழுத்து வட்டம்

பனி கொட்டும் நாடுகளில் டிசம்பர் வந்துவிட்டால் முதியவர்களின் தனிமை பெரும் பேச்சாகிவிடும். நூலகங்கள் அவர்களுக்கென்று கதகதப்பான அறைகளைத் திறந்து வைக்கின்றன. நினைவுகளை எழுதும் வகுப்புகள் நடக்கின்றன. மலேசியாவின் கோலசிலாங்கூரில் பனி இல்லை. ஆனாலும் ஆளை வீட்டுக்குள் அடைத்துப்போடும் பருவம் இங்கேயும் உண்டு. அக்டோபரிலும் நவம்பரிலும் மத்தியானம் திரும்பியதும் வானம் இருட்டி இடியும் மின்னலுமாக மழை இறங்கும். பெஸ்தாரி ஜெயாவிலோ புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ, பிள்ளைகள் வேலைக்காக கோலாலம்பூர் பக்கம் போய்விட்ட ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் இருக்கும் பாட்டிக்கு அந்த நேரத்தில் கோயில்வரைகூட நடக்க முடியாது. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும், பேச ஆள் இருக்காது. இந்த மாதங்களில் தொடங்கி வாரம் ஒரு நாள் முதியவர்கள் கூடி, தாங்கள் வாழ்ந்ததை எழுதியோ, சொல்லி எழுதவைத்தோ, ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டும் வட்டங்கள் வட சிலாங்கூரில் வேண்டும். அந்த வட்டத்தில் எழுத்தைவிட முக்கியமானது, அடுத்த வாரமும் வந்து உட்கார்ந்து கேட்கப்போகும் காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ரப்பர் காலத்தில் மழை வேறு மாதிரி இருந்தது. பட்டை நனைந்திருந்தால் பால்வெட்டு கிடையாது. வெட்டுக்கோட்டில் ஊறும் பால் கோட்டின் வழியே இறங்கி மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டாமல், ஈரப்பட்டை முழுதும் பரவி வழிந்துவிடும். மங்கில் விழுந்த கொஞ்சத்தையும் மழைத்தண்ணீர் கெடுத்துவிடும். நாள் சம்பளக்காரருக்கு அது கூலி போன நாள், அதில் அழகு பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் லயத்து வீட்டு வரிசையின் அஞ்சடித் திண்ணையில் அன்று எல்லாரும் இருப்பார்கள். அடுத்தடுத்த கதவுகள், ஒரே கூரை, நடுவே பலகைச் சுவர். வேறு போக்கிடம் இல்லாததால் பேச்சு நீளும்: கப்பல் ஏறி வந்த கதை, ஜப்பான்காரன் காலம், கங்காணியோடு போட்ட சண்டை, பேய் பார்த்த ரப்பர் நிரை. கேட்பவர்களுக்குக் கதை பாதி தெரிந்திருக்கும், இடையில் திருத்துவார்கள், விட்டதை எடுத்துக்கொடுப்பார்கள். ஏழ்மைக்குள்ளும் தோட்டத்து முதுமைக்கு இந்தச் சபை கிடைத்தது. யாரும் திட்டமிட்டு உருவாக்கியதல்ல. வீடுகள் ஒட்டிக் கட்டப்பட்டிருந்ததால் தானாக அமைந்தது.

அது கலைந்ததற்கும் காரணங்கள் உண்டு. மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917இல், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். பிற்காலத்தில் ரப்பர் மரங்கள் விழுந்து செம்பனை எங்கும் பரவியது. காலையில் வெட்டி மதியம் பால் அளந்து கொட்டும் வேலைக்கு வேண்டிய அளவு ஆள் குலை அறுக்க வேண்டியதில்லை. பிறகு நிலம் கைமாறியது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, லயங்கள் இடிந்தன. புக்கிட் தாகார், மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் ஒரு வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடிய கதையை இந்த வட்டாரம் நன்றாக அறியும். வீடு கிடைத்தவர்களுக்கும் அஞ்சடி கிடைக்கவில்லை. தாமான் வீட்டுக்கு வேலி உண்டு, பூட்டு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வேறொரு தோட்டத்திலிருந்து வந்தவர். வீட்டுரிமைக்காகப் போராடியது நியாயம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் லயத்தோடு இழந்த கூட்டத்தை எந்த மனுவும் கேட்டு வாங்கித் தராது. அதை மீண்டும் முயன்றுதான் கட்டியாக வேண்டும்.

எழுதுவது உடம்புக்கும் மனத்துக்கும் நல்லதா என்றால், ஆய்வுகள் சொல்வதை உள்ளபடி சொல்ல வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதிய கட்டுரை ஒன்றில், முதியவர்கள் பழையதையே பேசுவது புத்தித் தளர்ச்சி அல்ல, வாழ்க்கையைக் கணக்குப் பார்க்கும் இயல்பான மனவேலை என்று வாதிட்டார். ‘பாட்டி சொன்னதையே சொல்கிறார்’ என்று சலித்துக்கொள்ளும் நம் வீடுகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. 1986இல் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் கல்லூரி மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம் தங்கள் துயர அனுபவங்களை எழுதவைத்தார்; அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ நிலையத்துக்குப் போவது குறைந்தது. பின்னர் 2006இல் இத்தகைய 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலன் உண்டு, ஆனால் சிறியது என்று தெரிந்தது. மாறாக, மனித உறவுகளைப் பற்றிய சான்று வலுவானது. 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 148 ஆய்வுகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கணக்கில் எடுத்தது. உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், தனியே உட்கார்ந்து எழுதும் நோட்டுப் புத்தகத்திடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது, எழுதியதை நால்வர் நடுவே வாசிக்கும் ஏற்பாடே பயன் தரும் என்ற முடிவுக்குத்தான் வருகிறேன்.

உடனே ஒரு கேள்வி எழும். கோயில் இருக்கிறது, பஜனை இருக்கிறது, மின்னல் எஃப்.எம். இருக்கிறது, வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் வருகிறது, இன்னொன்று எதற்கு? இவை எல்லாம் வேண்டியவையே. ஆனால் இவற்றில் முதியவர் கேட்பவராகவோ, பலரோடு சேர்ந்து பாடுபவராகவோ இருக்கிறார். ‘நீங்கள் ஸ்டோரில் பால் அளந்தபோது தராசில் என்ன நடந்தது?’ என்று அவரிடம் ஒருவர் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கும் இடம் அவற்றில் இல்லை. சமூக நலத் துறையின் முதியோர் நடவடிக்கை மையங்களில் உடற்பயிற்சியும் கைவினையும் நடக்கின்றன. தமிழில் பேசி எழுதும் ஒரு வேளையை அங்கேயே கேட்டுப் பெறவும் தடையில்லை.

‘தோட்டத்தில் படித்தவர்கள் எத்தனை பேர்?’ என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். தோட்டப் பள்ளியில் சில வகுப்புகளோடு நின்றவர்கள் ஏராளம். பெண் பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும், அம்மாவோடு மங்கு துடைக்கவும் நிறுத்தப்பட்டார்கள். ஆனால் எழுத்தறியாதவரிடம் இலக்கியம் இல்லை என்று யார் சொன்னது? தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் இந்த நிரைகளுக்குள் பாடப்பட்டவை. அப்படிப்பட்ட நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டியவர்களில் ஒருவரான முத்தம்மாள் பழனிசாமி, தம் குடும்பம் மலாயாவில் வேரூன்றிய வரலாற்றை ‘நாடு விட்டு நாடு’ என்ற நூலாகத் தம் முதுமையில்தான் எழுதினார். பேனா பிடிக்க முடியாதவர் சொல்லட்டும், ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதட்டும். அதில் ஒரு நிபந்தனை: காலை ஆள்கணக்கெடுப்பைப் பாட்டி ‘பெரட்டு’ என்றால் ‘பெரட்டு’ என்றே எழுத வேண்டும். தீம்பார், காண்டா, ஒட்டுப்பால், கிராணி என்ற சொற்களைப் பிள்ளை பள்ளித் தமிழுக்கு மாற்றிவிட்டால் அந்த அம்மாவின் குரலே போய்விடும். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டி, ‘நான் அப்படிச் சொல்லலையே’ என்று அவர் திருத்தும் நேரத்தை ஒதுக்கியே தீர வேண்டும்.

வலியைக் கிளறலாமா என்று அஞ்சுபவர்களின் அச்சமும் நியாயமானதே. எழுதி முடித்த உடனே மனம் கனத்துப்போவது பென்னிபேக்கரின் ஆய்விலேயே பதிவானது. தோட்டத்து நினைவுகளில் இறந்த குழந்தைகளும், குடியும், அடியும், சயாமுக்குப் போய்த் திரும்பாத அப்பாக்களும் இருக்கிறார்கள். ஆகவே எதைச் சொல்வது, எதை விடுவது என்பது சொல்பவரின் உரிமையாக இருக்க வேண்டும். வாசித்தது வட்டத்துக்கு வெளியே போகலாமா என்பதையும் அவரே தீர்மானிக்க வேண்டும். சோற்றில், கருவியில், மழையில் தொடங்கினால் போதும். ஆனால் வலிக்கும் என்பதற்காகக் கேட்காமலே விட்டதன் விலையையும் நாம் அறிவோம். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் மீண்டு வந்தவர்கள், தம் கையால் எழுதிவைத்தது மிகக் குறைவு. இன்று எண்பதை எட்டியவர் அந்தப் போர் முடிந்த காலத்தில் பிறந்தவர். போனவர்களைக் கண்ணால் கண்ட தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ரப்பரிலிருந்து செம்பனைக்கும், லயத்திலிருந்து தாமானுக்கும் மாறியதைத் தம் உடம்பால் அறிந்த தலைமுறை நம்மோடு இன்னும் இருக்கிறது.

இவர்கள் எழுதி யார் படிப்பது என்போருக்கு இந்த வட்டாரமே சாட்சி. தென்னமரத்தில் செம்பனை நட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே, தம் மலாயா வாழ்க்கையிலிருந்து எழுதிய ‘மலேசி’ நாவலுக்காக 1930இல் பிரான்சின் கொங்கூர் பரிசைப் பெற்றார். அதே மண்ணில் அவருக்கு மரம் நட்டவர்கள் கண்டதும் ஒரு நாவலுக்குக் குறைந்ததாக இருந்திருக்காது. வயதைத் தடையாகச் சொல்பவர்கள் எழுத்தாளர் அ. ரெங்கசாமியைப் பார்க்கலாம். 1930இல் பிறந்த அவர், சயாம் ரயில் பாதையைப் பற்றிய ‘நினைவுச் சின்னம்’ நாவலையும் ‘லங்காட் நதிக்கரை’ நாவலையும் எழுபதைக் கடந்த பிறகே வெளியிட்டார். தென் சிலாங்கூரின் லங்காட்டுக்குக் கிடைத்தது வடக்கே ஓடும் சிலாங்கூர் ஆற்றுக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் வட்டத்தின் வெற்றியை நாவலால் அளப்பது தவறு. அரைப் பக்கம் போதும், அது அவருடையதாக இருந்தால்.

சேர்ந்து எழுதக் கற்கும் வழக்கம் மலேசியத் தமிழருக்குப் புதிதும் அல்ல. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேச’னில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். 1952இல் அதே ஏட்டுக்கு ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி, இலக்கிய வட்டம் கூட்டிக் கதைகளை அலசினார். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. அன்று இளைஞர்களுக்கு ஒரு பத்திரிகை செய்ததை, இன்று முதியவர்களுக்கு ஒரு தமிழ்ப்பள்ளியோ கோயில் மண்டபமோ செய்யலாம். மழையில் தூரம் போக முடியாது என்பதால் நடந்து போகும் தொலைவிலேயே இடம் இருக்க வேண்டும். மழை வலுக்கும் முன், காலை பத்து மணிக்கே கூடிவிட வேண்டும். எட்டுப் பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் எல்லாருக்கும் முறை வராது. முடிவில் ஒரு சிறு நூலாக அச்சிட்டால், 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி அதன் ஐந்து பிரதிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். தீபாவளி முடிந்த வாரத்தில் தொடங்கினால் பொங்கலுக்குள் பத்துக் கூட்டங்கள் வரை நடத்திவிடலாம்.