தண்டனை நீங்கியது, குடியுரிமை எப்போது?

பூலுவபட்டி, கோட்டூர், ஆழியாறு, பவானிசாகர், அரச்சலூர் ஆகியவை கோவை, ஈரோடு மாவட்டங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ள ஊர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாகக் கடல் கடந்து வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த முகாம்களில் வாழ்கிறார்கள். 2021இல் தமிழக அரசு வெளியிட்ட கணக்குப்படி மாநிலத்தின் 108 முகாம்களில் 58,822 பேரும், காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியில் 34,087 பேரும் இருந்தனர். 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து அரசிடம் பதிவு செய்த இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டிப்பதில்லை என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2025 செப்டம்பரில் ஆணையிட்டது. வரவேற்க வேண்டிய ஆணைதான். ஆனால் அது பாதி வழிதான். மீதி வழி குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது.

அகதிகள் குறித்த 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும், போருக்குத் தப்பி வந்தவர் வெளிநாட்டவராகவே கருதப்படுகிறார். இந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியவை நீதிமன்றங்கள். அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமக்கள் அல்லாதவருக்கும் உண்டு என்று சக்மா அகதிகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வாழ்வாதாரத்தைத் தாங்கியது மாநில அரசு. 2021இல் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டு, மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும் மற்ற பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 7,469 வீடுகளைக் கட்டித்தரவும் முடிவானது. 1984இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ அகதிகள் மறுவாழ்வு அமைப்பான 'ஒஃபர்' கல்விக்குத் துணை நின்றது. இவை அனைத்தும் பெரிய உதவிகள். ஆயினும் அரசாணையால் வந்த உதவியை இன்னோர் அரசாணை நிறுத்திவிட முடியும். சட்டம் தரும் உரிமையை அப்படி எளிதில் பறிக்க முடியாது.

இந்த வேறுபாடு ஒரே வீட்டுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த எவரும் பிறப்பால் இந்தியக் குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்; 2004 டிசம்பருக்குப் பின் நிபந்தனை இன்னும் இறுகியது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார். அதே முகாமில் 1988இல் பிறந்தவருக்கு, பெற்றோர் இருவரும் இலங்கையர் என்றால், அந்த வழி அடைபட்டுவிட்டது. கோவையில் படித்துப் பட்டம் வாங்கினாலும் அவருக்கு அரசு வேலை இல்லை, பாஸ்போர்ட் இல்லை, தன் பெயரில் நிலம் வாங்க வழியில்லை. பட்டதாரிகள் பெயின்டிங் வேலைக்குப் போகும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

இதற்குத் தீர்வு கண்ட முன்னுதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு 2015இல் இதேபோன்ற தண்டனை விலக்கு முதலில் வந்தது. ஆப்கானிஸ்தானும் பின்னர் சேர்ந்தது. அந்த விலக்கு பெற்றவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக் கூடாது என்று 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அடுத்த படியை எடுத்து வைத்தது. அந்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. இப்போது இலங்கைத் தமிழருக்கும் முதல் படி கிடைத்துவிட்ட பிறகு, இரண்டாம் படியை மறுக்கக் காரணம் ஏது?

போர் 2009இலேயே முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே என்று கேட்போர் உண்டு. விரும்புவோர் பாதுகாப்பாகத் திரும்ப உதவ வேண்டியதுதான். ஆனால் 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியுடன் ஊர் திரும்பிய 75 வயது முதியவரை, உரிய ஆவணமின்றி நாட்டை விட்டுச் சென்றவர் என்று சொல்லி யாழ்ப்பாண விமான நிலையத்தில் கைது செய்தார்கள். மேலும், பவானிசாகரில் பிறந்த பிள்ளைக்கு இலங்கை எப்படித் 'திரும்பும்' ஊர் ஆகும்? இந்தியா எல்லோரையும் ஏற்கும் தர்மசத்திரம் அல்ல என்று அதே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கு. முகாம் மக்களோ பல பத்தாண்டுகளாக வருவாய்த் துறையின் பதிவேட்டிலும் கியூ பிரிவு போலீசாரின் கண்காணிப்பிலும் இருப்பவர்கள். தனித்தனியாக விசாரித்துக் குடியுரிமை தருவதற்கு இவர்களைவிட நன்கறியப்பட்டவர்கள் வேறு யார்? வாசலைத் திறந்தால் கூட்டம் வரும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை; 2015 என்ற எல்லைக்கோட்டை அரசே வகுத்துவிட்டது.

முகாமில் உள்ளவர்களுக்கு இப்போதே பயன்படும் ஒரு செய்தி: இலவசச் சட்ட உதவிக்குக் குடியுரிமை நிபந்தனை அல்ல. பெண்களும் குழந்தைகளும் காவலில் இருப்பவர்களும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் பிறப்புச் சான்றைத் தேடி எடுத்து வையுங்கள். கொங்கு மண்டலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதமின்றி ஒரே திருத்தத்தைக் கேட்க வேண்டும்: 2025 ஆணையில் விலக்கு பெற்றவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லர் என்ற ஒரு வரி குடியுரிமைச் சட்டத்தில் சேர வேண்டும்.