பயந்த பிள்ளைக்கு எது மருந்து?

குழந்தைகளின் பதற்றத்துக்கு ராசிங்காபுரம் போன்ற போடி வட்டாரச் சிற்றூர்களில் ‘பயந்த கோளாறு’ என்று பெயர். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி, இரவில் திடுக்கிட்டு எழுதல், தாயின் முந்தானையை விடாமல் பற்றிக்கொள்ளுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். அந்த வயிற்றுவலி நடிப்பன்று. பயம் குடலின் இயக்கத்தையே மாற்றுவதால் வலி உண்மையாகவே வருகிறது.

இதற்காகத் திருநீறு மந்திரித்துப் பூசுவதால் உடலுக்குக் கேடில்லை. பாட்டி மடியில் அமர்த்தித் தலையை வருடும் அந்தக் கொஞ்ச நேரம் பிள்ளைக்கு ஆறுதலும்கூட. சிக்கல் வாய்வழியே புகட்டுவதில்தான் தொடங்குகிறது. ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று போற்றப்படும் வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. விலங்குச் சோதனைகளில் அது புற்றுநோயை உண்டாக்கியதால் 1968இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. தூக்கத்துக்காக இழைத்துக் கொடுக்கும் ஜாதிக்காய் அளவு மீறினால் மனக்குழப்பமும் படபடப்பும் வரும். கசகசாவில் ஒட்டியிருக்கும் அபினிப் பால் கைக்குழந்தையின் மூச்சை மந்தமாக்கக்கூடும். தூங்கட்டும் என்று இருமல் மருந்தை ஊற்றுவது இவற்றைவிடப் பெரிய தவறு. ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. மலையில் விளையும் ஏலக்காயைப் பாலில் ஒரு சிட்டிகை சேர்ப்பதில் தீங்கில்லை. ஆனால் அதைப் பதற்றத்தைத் தீர்க்கும் மருந்தாக நம்பக் கூடாது.

பாதுகாப்பான வைத்தியம் பெரும்பாலும் பழக்கத்தில் இருக்கிறது. விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் தாய், பிள்ளை விழித்தால் அழும் என்று சொல்லாமலே கிளம்பிவிடுவதுண்டு. கண் விழிக்கையில் அம்மா இல்லாத படுக்கைதான் அடுத்த இரவின் தூக்கத்தையும் கெடுக்கிறது. “காலையில நான் மலைக்குப் போவேன், நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பாட்டிகிட்ட இரு, பொழுது சாய வந்துருவேன்” என்று முந்தைய இரவே சொல்லிவிட வேண்டும். சொன்னபடி வரவும் வேண்டும். வரத் தாமதமானால் செல்பேசியில் ஒரு வார்த்தை போதும்.

பதற்றம் ஏறும்போது மூன்று எண்ணி மூச்சை இழுத்து, ஐந்து எண்ணி மெல்ல விடச் செய்யலாம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. சின்னப் பிள்ளைக்கு எண்ணிக்கை வேண்டாம், சோப்பு நுரையில் குமிழி ஊதினாலே போதும்.

பள்ளிக்குப் பயப்படும் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டால் அன்றைய அழுகை நிற்கும், பயம் வளரும். முதல் நாள் பள்ளி வாசல்வரை, மறுநாள் ஒரு பாடவேளை என்று படிப்படியாகப் பழக்குவதே சரியான வழி. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் உயிர்நாடியும் இதுதான். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 7 முதல் 17 வயதுவரை 488 பிள்ளைகள் பங்கேற்றனர். 12 வாரங்களில் இச்சிகிச்சை பெற்றவர்களில் 60 சதவீதத்தினர் நன்கு தேறினர். வெற்று மாத்திரை பெற்றவர்களில் தேறியவர்கள் 24 சதவீதம்தான். மருந்தும் சிகிச்சையும் சேர்ந்தபோது அது 81 சதவீதமாக உயர்ந்தது. எனவே மருந்தை வெறுக்கத் தேவையில்லை. மனநல மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே கொடுக்க வேண்டும். பெரியவர்களின் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

சில வாரங்கள் கடந்தும் பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பள்ளிக்குப் போகாமல் இருந்தால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை காத்திராமல் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.