இல்லத்துப் பூல் மேசைக்கு ஏற்ற பந்து எது?



கட்டில் வாங்கச் செல்வோர் அறையை அளந்துகொண்டு செல்கின்றனர். குளிர்சாதனப் பெட்டி வாங்குவோர் சமையலறை மூலையின் அகலத்தைக் குறித்துக்கொள்கின்றனர். பூல் மேசை வாங்குவோரும் மேசையின் நீள அகலத்தை விசாரிக்கத் தவறுவதில்லை. ஆனால் அம்மேசையின்மேல் உருளப்போகும் பந்தின் விட்டம் என்ன என்று கேட்போர் மிகச் சிலரே. பந்துதானே, எல்லாம் ஒன்றுதான் என்னும் எண்ணமே இதற்குக் காரணம்.

அவ்வெண்ணம் பொருட்செலவில் கொண்டுபோய் விடக்கூடியது. பந்து பொருந்தாத மேசையில் ஆட்டம் சரியாக அமையாது. குறை பந்தில் இருப்பதை உணராத குடும்பத்தினர், மேசையே பழுது என்று கருதி ரப்பர் பட்டையை மாற்றுவர், துணியை மாற்றுவர், இறுதியில் மேசையையே பாதி விலைக்கு விற்றுவிடுவர். சேமிப்பிலிருந்தோ தவணைக் கடனிலோ வாங்கிய பொருளுக்கு இந்நிலை நேராதிருக்க, பந்தின் அளவைப் பற்றிய சில அடிப்படைச் செய்திகளை அறிந்துகொள்வது நலம்.

ஒரு பெயர், பல அளவுகள்

கடைகளில் ‘பூல் பந்து’ என்னும் ஒரே பெயரில் பல அளவுப் பந்துகள் விற்கப்படுகின்றன. அவற்றுள் நமக்கு வேண்டியவை இவை:

1. அமெரிக்கப் பூல் பந்து: விட்டம் இரண்டேகால் அங்குலம், அதாவது 57.15 மி.மீ. எடை 156 முதல் 170 கிராம் வரை. 1 முதல் 15 வரை எண்ணிட்ட பந்துகளும் ஒரு வெள்ளைப் பந்துமாக ஒரு தொகுதியில் 16 பந்துகள் இருக்கும்.

2. ஆங்கிலேயப் பூல் பந்து: விட்டம் 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. சிவப்பு 7, மஞ்சள் 7, கறுப்பு 1, வெள்ளை 1 என இத்தொகுதியிலும் 16 பந்துகளே.

3. ஸ்நூக்கர், பில்லியர்ட்ஸ் பந்து: விட்டம் 52.5 மி.மீ. ஸ்நூக்கருக்கு 22 பந்துகள். பில்லியர்ட்ஸுக்கு 3 பந்துகள்.

4. சிறுவர் மேசைப் பந்து: சிறிய மேசைகளுடன் 38 மி.மீ. அல்லது 48 மி.மீ. விட்டமுள்ள பந்துகள் வருவதுண்டு.

இங்கு ஒரு தவறான கருத்தை நீக்கிவிட வேண்டும். மேசை சிறிதானால் பந்தும் சிறிதாக வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அமெரிக்க வகையில் 7 அடி, 8 அடி, 9 அடி மேசைகள் மூன்றுக்கும் 57.15 மி.மீ. பந்தே உரியது. மேசையின் நீளத்தைவிட, அது எந்த ஆட்டத்துக்காகச் செய்யப்பட்டது என்பதே பந்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

நம் நாட்டில் இக்குழப்பம் சற்றுக் கூடுதலாக இருப்பதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஸ்நூக்கர் ஆட்டம் இந்தியாவிலேயே பிறந்தது. 1875-ஆம் ஆண்டில் ஜபல்பூரில் பணியாற்றிய நெவில் சேம்பர்லின் என்னும் படை அதிகாரி இதனை உருவாக்கினார் என்பர். உதகமண்டலத்தின் ஊட்டி கிளப்பில் இதன் விதிகள் ஒழுங்குபெற்றன. 1958-இல் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். இவ்வாறு நம் மன்றங்களில் நெடுங்காலம் புழங்கியவை ஸ்நூக்கரும் பில்லியர்ட்ஸுமே. ஆகவே தெரிந்தவர் ஒருவரிடமிருந்து மன்றத்தின் பழைய பந்துகள் மலிவாகக் கிடைப்பது அரிதன்று. அவற்றை வீட்டுப் பூல் மேசையில் இட்டு ஆடும் ஆசையும் இயல்பே. ஆயினும் அது பொருந்தாது. ஏன் என்பதைக் காண்போம்.

ரப்பர் பட்டையின் உயரம்

மேசையின் உள்விளிம்பில் துணி போர்த்திய ரப்பர் பட்டை ஓடுகிறது. இதனைக் குஷன் என்பர். பந்து குஷனில் பட்டுத் திரும்புவதே இவ்வாட்டத்தின் உயிர்நாடி. குஷனின் முனை பந்தின் மையத்துக்குச் சற்று மேலே தொட வேண்டும். உலகப் பூல் பில்லியர்ட்ஸ் சங்கத்தின் விதிப்படி, முனையின் உயரம் பந்தின் விட்டத்தில் ஏறத்தாழ 63.5 விழுக்காடு. 57.15 மி.மீ. பந்துக்கு இது ஏறக்குறைய 36 மி.மீ. ஆகும்.

இவ்வுயரத்தில் அமைந்த மேசையில் 50.8 மி.மீ. பந்தை இட்டால், குஷன் அதனை விட்டத்தின் 71 விழுக்காட்டு உயரத்தில் தொடும். மேலே தொடும் குஷன் பந்தைப் பின்னுக்குத் தள்ளுவதோடு துணியின்மேல் அழுத்தவும் செய்கிறது. திரும்பும் வேகம் மந்தமாகிறது. விளிம்பையொட்டிய துணியும் விரைவில் தேய்கிறது. மாறாக, சிறிய பந்துக்கான மேசையில் பெரிய பந்தை இட்டால், குஷன் தொடும் இடம் மையத்தை நெருங்கிவிடும். வேகமாக அடிக்கும்போது பந்து துள்ளும். சில வேளை மேசைக்கு வெளியேயும் பாயும். 170 கிராம் எடையுள்ள பந்து தரையில் ஓடுகளின்மேல் விழுந்தால் என்னாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அருகில் சிறு குழந்தை நின்றால் அது கவலைக்குரியது.

குழியின் அகலம்

போட்டிக்கான அமெரிக்க மேசையில் மூலைக் குழியின் வாய் நான்கரை அங்குலத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டு இரண்டேகால் அங்குலப் பந்துகளை அருகருகே வைத்தால் சரியாக அவ்வகலம் வரும். அதே வாயில் 2 அங்குலப் பந்துகள் இரண்டை வைத்தால் சுமார் 13 மி.மீ. இடம் எஞ்சும். குறி தவறிய பந்தும் உள்ளே விழும். பயிலும் பிள்ளைகளுக்கு அது முதலில் மகிழ்ச்சி தரலாம். ஆனால் கை பழகாது. வேறு மேசையில் ஆடச் செல்லும்போதுதான் குறை தெரியவரும்.

ஆங்கிலேய மேசையின் குழிகள் குறுகலானவை. பெரிய பந்து அங்கே வாயில் மோதி வெளியே வரும். விழுந்த பந்துகளை ஒரு பக்கம் சேர்க்கும் உள்வழி இருப்பின், அதில் பெரிய பந்து சிக்கிக்கொள்வதும் உண்டு.

வெள்ளைப் பந்தும் மற்றவையும்

கேரம் ஆடியவர்கள் ஸ்ட்ரைக்கர் காயைவிடக் கனமானது என்பதை அறிவர். காய் ஐந்து கிராமுக்குச் சற்றுக் கூடுதல். ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம். அதனால் காயை அடித்த பின்னும் ஸ்ட்ரைக்கர் முன்னே செல்கிறது. பூல் ஆட்டத்தின் இயல்பு வேறு. வெள்ளைப் பந்தும் மற்றப் பந்தும் ஒரே எடை உடையனவாக இருக்க வேண்டும். அவ்வாறிருந்தால், வெள்ளைப் பந்தின் நடுவில் அடித்து அருகிலுள்ள பந்தின்மேல் நேராக மோதவிடும்போது, வெள்ளைப் பந்து நின்றுவிடும். அதன் வேகம் முழுவதும் மற்றதற்குச் சென்றுவிடும். இலேசான வெள்ளைப் பந்து பின்வாங்கும். கனமான வெள்ளைப் பந்து தொடர்ந்து முன்னே போகும்.

உருண்டையின் எடை விட்டத்தின் முப்படிப்படி மாறுவதால், சிறு வேறுபாடும் பெரிதாகிவிடும். 57.15 மி.மீ. பந்தோடு ஒப்பிட்டால், அதே பொருளால் ஆன 52.5 மி.மீ. பந்தின் எடை சுமார் 78 விழுக்காடு, 50.8 மி.மீ. பந்தின் எடை சுமார் 70 விழுக்காடு. விட்டத்தில் 8 விழுக்காடு குறைந்தால் எடையில் 22 விழுக்காடு குறைகிறது. ஆகவே தொலைந்த வெள்ளைப் பந்துக்கு ஈடாக வேறொரு தொகுதியின் பந்தைச் சேர்ப்பது வேண்டாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. காசு போட்டு ஆடும் ஆங்கிலேய மேசைகள் சிலவற்றில் வெள்ளைப் பந்து மட்டும் 47.6 மி.மீ. அளவில் சிறிதாக இருக்கும். அதனை மற்றப் பந்துகளிலிருந்து பிரித்து ஆட்டக்காரரிடம் திருப்பி அனுப்பும் பொறிக்காகவே அந்த ஏற்பாடு. வீட்டு மேசையில் அப்பொறி இல்லையெனில், எல்லாப் பந்துகளும் ஒரே அளவில் இருப்பதே சிறப்பு.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகள்

பழைய மேசை வாங்குவோருக்கும், பந்துத் தொகுதியின் அளவு மறந்துபோனோருக்கும் இவை பயன்படும்.

• ஐந்து பந்துகளை நேர்க்கோட்டில் ஒன்றையொன்று தொடுமாறு வைத்து, இரு முனைகளிலும் தடித்த நூல்களை நிறுத்தி, இடைத்தூரத்தை அளக்கவும். சுமார் 286 மி.மீ. வந்தால் அமெரிக்க அளவு, 262 மி.மீ. வந்தால் ஸ்நூக்கர் அளவு, 254 மி.மீ. வந்தால் ஆங்கிலேய அளவு. ஒற்றைப் பந்தை அளப்பதைவிட இது பிழை குறைந்த வழி.

• பந்துகளை அடுக்கும் முக்கோணச் சட்டத்தில் 15 பந்துகளையும் வைத்துப் பார்க்கவும். இறுக்கமாக அமைய வேண்டும். 57 மி.மீ. பந்துக்குரிய சட்டத்தில் 51 மி.மீ. பந்துகளை வைத்தால் கடைசி வரிசையில் 3 செ.மீ.க்கும் மேலாக இடைவெளி விழும்.

• சமையலறைத் தராசில் ஒவ்வொரு பந்தையும் நிறுத்துப் பார்க்கவும். ஓரிரு பந்துகள் மட்டும் மிகவும் விலகியிருந்தால், அது கலப்புத் தொகுதி எனக் கொள்ளலாம்.

• அடிக்கோலால் குஷன் முனையின் உயரத்தை அளந்து, பந்தின் விட்டத்தோடு ஒப்பிடவும்.

பொருளும் விலையும்

பந்தின் மூலப்பொருள் விலையை நிர்ணயிக்கிறது. ஃபீனாலிக் பிசினால் ஆன பந்துகள் விலை கூடியவை. ஆனால் உடைதலும் கீறலும் குறைவு, உருண்டை வடிவமும் நெடுநாள் கெடாது. பெல்ஜியத்தில் தயாராகும் அராமித் பந்துகள் இவ்வகையின. பாலியெஸ்டர் பந்துகள் மலிவானவை. வார இறுதியில் மட்டும் ஆடும் குடும்பத்துக்கு இவை போதும். நாள்தோறும் ஆடுவோர் முதல்வகையைத் தேர்ந்தால் நீண்ட நாளில் செலவு குறையும். எவ்வகையாயினும் அளவு சரியாக இருப்பதே முதல் தேவை. உயர்ந்த விலையுள்ள தவறான அளவைவிட, எளிய விலையுள்ள சரியான அளவு மேலானது.

பழைய பங்களாக்களில் யானைத் தந்தப் பந்துகள் இருக்கக் காணலாம். அவற்றை விலைக்கு வாங்க முற்பட வேண்டாம்; 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தந்த வணிகம் தடைசெய்யப்பட்டுள்ளது.

பணம் செலுத்துமுன்

முதலில் அறையை அளக்கவும். 7 அடி மேசையின் ஆடுதளம் ஏறத்தாழ 78 அங்குலத்துக்கு 39 அங்குலம். நான்கு பக்கமும் 58 அங்குலக் குச்சியை நீட்டி அடிக்க இடம் வேண்டுமாதலால், சுமார் 16 அடிக்கு 13 அடி அறை தேவை. அவ்விடம் இல்லாத அடுக்ககத்தில் சிறிய மேசையே ஏற்றது. அப்போது அதன் தயாரிப்பாளர் குறித்த பந்தளவையே கைக்கொள்க.

அடுத்து, விலைப்பட்டியலில் மேசையின் அளவோடு பந்தின் விட்டத்தையும் மில்லிமீட்டரில் எழுதித் தருமாறு கேட்கவும். ‘ஸ்டாண்டர்டு சைஸ்’ என்னும் சொல் போதாது; மேலே கண்டபடி ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு ‘ஸ்டாண்டர்டு’ உண்டு. எழுதிய அளவுக்கு மாறான பொருள் வந்தால் மாற்றிக்கேட்க அப்பட்டியலே சான்று. விற்பனையாளர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

தவணையில் வாங்குவோர் ‘வட்டியில்லாத் தவணை’ என்னும் விளம்பரத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். சுழிய விழுக்காட்டு வட்டி என்ற ஒன்று இல்லை. வட்டி செயல்முறைக் கட்டணத்தின் உருவில் மறைந்திருக்கும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013-இலேயே எடுத்துரைத்தது. ரொக்க விலை எவ்வளவு, தவணையில் மொத்தம் செலுத்துவது எவ்வளவு என்று இரண்டையும் எழுதிப் பார்த்தால் உண்மை புலப்படும்.

சுருங்கச் சொன்னால், மேசை எந்த ஆட்டத்துக்கு உரியது என்பதை முதலில் அறிக. அதற்குரிய விட்டத்தில், முழுத் தொகுதியாகப் பந்துகளை வாங்குக. வாங்கியவற்றை ஐந்தைந்தாக அளந்து சரிபார்க்க. பத்து நிமிட வேலைதான். விடுமுறை நாளில் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே மேசையைச் சுற்றி நிற்கும் இல்லங்களில், அந்தப் பத்து நிமிடத்தின் பயன் பல ஆண்டுகளுக்கு நீடிக்கும்.