எரியாத விளக்கு

மோட்டார் வண்டியில் ஓட்டுநருக்கு முன்னே உள்ள பலகையில் சிறு விளக்குகள் சில இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் ஒன்று எண்ணெய்க் குவளையின் வடிவில் சிவப்பாக எரியும். எஞ்சினுக்குள் எண்ணெயின் அழுத்தம் குறைந்துவிட்டது என்று எச்சரிப்பது அதன் வேலை. அது எரிந்தால் அஞ்சவேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். அது எரியாவிட்டாலும் அஞ்சவேண்டிய வேளை ஒன்று உண்டு. அதை நான் ஓர் எஞ்சினைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

என்னிடம் ஒரு பழைய வண்டி இருந்தது. ஒருநாள் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு அதில் சென்றுகொண்டிருந்தேன். பாதி வழியில் எஞ்சினில் தடதடவென்று ஓசை எழுந்தது. சிறிது நேரத்தில் அது இறுகி நின்றுவிட்டது. அடியில் எண்ணெய் வடிக்கும் திருகு தளர்ந்து, எண்ணெய் முழுவதும் வழியெல்லாம் ஒழுகிப் போயிருந்தது. எண்ணெய்ப் படலம் இல்லாமையால் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து, சூடேறிப் பற்றிக்கொண்டது. சிவப்பு விளக்கோ கடைசிவரை எரியவே இல்லை.

வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறையில் சேர்த்தேன். அங்கிருந்த முதிய மெக்கானிக் என்னை ஒன்றே ஒன்று கேட்டார்: “காலையில் சாவியைத் திருப்பினீர்களே, அப்போது இந்த விளக்கு எரிந்ததா, ஐயா?” கல்லூரியில் பௌதிகம் படித்த எனக்கு அக்கேள்விக்கு விடை தெரியவில்லை.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதை அறிய, அந்த மின்சுற்றை அறியவேண்டும். பாட்டரியின் 12 வோல்ட் மின்னழுத்தம் சாவியின் வழியே விளக்கின் ஒரு முனைக்கு வருகிறது. மறுமுனையிலிருந்து ஒற்றைக் கம்பி ஒன்று, எஞ்சினில் திருகப்பட்டுள்ள ஒரு சிறு ஸ்விட்சுக்குச் செல்கிறது. மின்னோட்டம் திரும்புவதற்குத் தனிக்கம்பி இல்லை. எஞ்சினின் இரும்பும் வண்டியின் உடலுமே அப்பாதை. எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது ஸ்விட்சின் தொடுமுனைகள் சேர்ந்திருக்கும், விளக்கு எரியும். எஞ்சின் ஓடி, அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டு ஏறியதும், உள்ளேயுள்ள சவ்வு அம்முனைகளைப் பிரித்துவிடும், விளக்கு அணையும்.

ஆகவே, சாவியைத் திருப்பியபின் எஞ்சின் ஓடத் தொடங்குமுன் உள்ள சில நொடிகளில் அவ்விளக்கு எரிந்தே தீரவேண்டும். காவற்காரன் இரவில் கொடுக்கும் குரல் போன்றது அது. குரல் கேட்கவில்லையென்றால் காவல் இல்லை என்று பொருள்.

பெரியவர் என் கண்ணெதிரே பழுதைத் தேடினார். முதலில் சாவியைத் திருப்பச் சொன்னார். ஸ்விட்சிலிருந்து கம்பியைக் கழற்றி, அதன் நுனியை எஞ்சினின் இரும்பில் தொட்டார். விளக்கு எரிந்திருந்தால் ஸ்விட்ச்தான் கெட்டது என்று முடிவு செய்யலாம். எரியவில்லை. ஆக, ஒரே சோதனையில் ஸ்விட்ச் இருக்கும் பாதி விலகி, மற்றப் பாதி மிஞ்சியது. இவ்வாறு கம்பியை இரும்பில் தொடுவதால் கேடில்லை; நடுவே விளக்கு இருப்பதால் மின்னோட்டம் மட்டுப்படும். 2 வாட் விளக்கானால் அது ஓர் ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குதான். பாட்டரியிலிருந்து நேரே வரும் கம்பியை இப்படித் தொட்டால் ஃபியூஸ் போய்விடும்; ஃபியூஸ் இல்லையேல் கம்பியே எரியும்.

அடுத்து, பல்பைக் கழற்றிப் பாட்டரியில் வைத்துப் பார்த்தார்; எரிந்தது. அதைத் திரும்ப மாட்டி மீட்டரை வைத்தபோது பல்பின் இரு முனைகளிலும் 12 வோல்ட் இருந்தது. மின்னோட்டம் இல்லாத இடத்தில் அழுத்த வீழ்ச்சியும் இல்லை என்பது நீங்கள் படித்ததுதானே! ஸ்விட்சை அடையும் நுனியிலோ ஒன்றுமில்லை. இடையில்தான் அறுபட்டிருக்கவேண்டும். கம்பியைத் தொடர்ந்து சென்றவர், ஓர் இணைப்பைப் பிரித்துக் காட்டினார். செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு. சுரண்டிச் சேர்த்ததும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஒரு காசும் செலவில்லாத வேலை. எஞ்சினுக்கோ என் மூன்று மாதச் சம்பளம் போயிற்று.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு. எஞ்சின் ஓடும்போது விளக்கு அணையாமல் எரிந்தால், உடனே எஞ்சினை நிறுத்தி எண்ணெயின் அளவைப் பார்க்கவேண்டும். பிறகு சாவியை மட்டும் திருப்பி, ஸ்விட்சின் கம்பியைக் கழற்றலாம். அப்போதும் விளக்கு எரிந்தால், கம்பியின் உறை தேய்ந்து எங்கோ உடலைத் தொடுகிறது. அணைந்தால், ஸ்விட்ச் கெட்டிருக்கலாம். அழுத்தமே குறைந்தும் இருக்கலாம். இவ்விரண்டில் எது என்பதை விளக்கு சொல்லாது. ஸ்விட்ச் இருந்த துளையில் அழுத்தமானியைப் பொருத்தி அளந்தால்தான் தெரியும். அளக்காமலே ‘ஸ்விட்ச்தான் கெட்டிருக்கும்’ என்று கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டுவோர் என்னைப்போல் எஞ்சினை இழப்பர்.

இக்கால வண்டிகள் பலவற்றில் இச்செய்தி கணிப்பொறி வழியாகவே விளக்குக்குச் செல்கிறது. அவற்றில் கம்பியைத் தொட்டுப் பார்ப்பது தகாது. தயாரிப்பாளரின் கையேட்டின்படியே சோதிக்கவேண்டும். ஆயினும், சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிந்து காட்டும் வழக்கம் அவற்றிலும் உண்டு.

இப்போதெல்லாம் சாவியைத் திருப்பிவிட்டுச் சற்று நிற்கிறேன். சிவப்பு விளக்கு எரிகிறது. அதைக் கண்ட பிறகே எஞ்சினை ஓட்டுகிறேன்.